சாலையும் சட்டமும் – 9: கார் ஓட்டத் தெரியாத அமைச்சர்

"லீத் போலீஸ் டிஸ்மிஸ்ஸத் அஸ்."

இதை வேகமாக மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தவருக்கே இரண்டாவது தடவை நாக்கு பிறழும். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த கிழவனைச் சொல்லிக் கொடுத்து நம் பிள்ளைகளுக்கு ழகரம் பழக்குவோமே, அந்த வகை வாக்கியம் இது. இங்கிலாந்தில் இதைக் காவல் நிலையத்தில் நிற்க வைத்துச் சொல்லச் சொன்னார்கள். ராத்திரி காரைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் மோதியவர் குடித்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்க அங்கே வெகுகாலம் இருந்த வழிகளில் இதுவும் ஒன்று.

போலீஸ் வரவழைத்த மருத்துவர் முதலில் வாயை மோந்து பார்ப்பார். கண்ணில் டார்ச் அடிப்பார். நேர்க்கோட்டில் நடக்கச் சொல்வார், குனிந்து காசைப் பொறுக்கச் சொல்வார். பிறகு இந்த நாக்குப் பயிற்சி. எல்லாம் முடிந்ததும் தம் கருத்தை எழுதிக் கொடுப்பார்.

கருத்து என்று வந்துவிட்டால் மறுகருத்தும் வருமல்லவா? என் கட்சிக்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே நாக்கு குழறும், முழங்காலில் பழைய வலி, விபத்து அதிர்ச்சியில் தள்ளாடினார் என்று வக்கீல் அடுக்குவார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் 12 ஜூரர்கள். அந்நாளில் ஜூரியில் உட்கார வீட்டு வரி ஏட்டில் பெயர் இருக்க வேண்டும். ஆகவே பெரும்பாலும் நடுவயது ஆண்கள், வசதியுள்ளவர்கள், வீட்டு வாசலில் கார் நிற்பவர்கள். போன சனிக்கிழமை இரண்டு ரவுண்டு போட்டுவிட்டு வண்டியை எடுத்தது அவர்களுக்கும் ஞாபகம் வரும். கூண்டில் நிற்பவர் முகத்தில் தங்கள் முகத்தைப் பார்த்தார்கள். 'குற்றமில்லை' என்று எழுந்து போனார்கள்.

சென்ற இதழில் நார்வேயையும் ஸ்வீடனையும் பார்த்தோம். ரத்தத்தில் ஆல்கஹால் இவ்வளவுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று 1936-ல் நார்வேயும் 1941-ல் ஸ்வீடனும் ஓர் எண்ணைச் சட்டத்தில் எழுதிவிட்டன. விரல் நுனியில் குத்தி எடுத்த சில சொட்டு ரத்தத்திலேயே அந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஸ்வீடன்காரர் வித்மார்க் வழி செய்திருந்தார். இவ்வளவையும் பார்த்துக்கொண்டே இருந்த பிரிட்டன், எண் பக்கமே போகாமல் முப்பது ஆண்டுகளை ஓட்டியது.

சட்டமே இல்லாமல் இல்லை. 1872-ம் ஆண்டின் மதுச் சட்டத்திலேயே வண்டி, குதிரை, மாடு, நீராவி இயந்திரம் ஆகியவற்றைப் போதையில் ஓட்டிச் செல்வது குற்றம். 1897 செப்டம்பர் 10-ம் தேதி லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்ற டாக்சிக்காரர் மின்சார வண்டியைக் கட்டடத்தில் மோதி அபராதம் கட்டினார். குடித்துவிட்டு மோட்டார் வண்டி ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் ஆள் என்று வரலாற்றில் இடம்பிடித்தவர் அவர். 1930-ல் மோட்டார்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதையில் இருக்கக் கூடாது என்றது அது. 1962-ல் அந்த வாசகத்தைக் கொஞ்சம் இறுக்கினார்கள். ஆனால் 'எந்த அளவு?' என்ற கேள்விக்கு எதிலும் பதில் இல்லை. "நான் ஸ்டெடியா இருக்கேன் சார்" என்று நம்மூர் இரவுச் சோதனையில் கேட்கும் குரல் இருக்கிறதே, அந்தக் குரலை நம்புவதா வேண்டாமா என்பதைச் சட்டம் மருத்துவரின் மூக்கிலும் ஜூரியின் மனசாட்சியிலும் விட்டிருந்தது.

நாளுக்கு 22 சவம்

இந்த நிலைமையை மாற்றியது வண்டிகளின் எண்ணிக்கை. 1950-ல் பிரிட்டனின் சாலைகளில் சுமார் 40 லட்சம் மோட்டார் வண்டிகள். 1960-களின் நடுவில் அது 1 கோடியே 30 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. சாலை விபத்தில் இறந்தவர்கள் 1965-ல் 7,952 பேர். 1966-ல் 7,985 பேர். நாளுக்கு ஏறத்தாழ 22. விளக்கணைத்து வண்டி ஓட்டிய போர்க்காலத்தில்தான் இதைவிட அதிகம் பேர் செத்திருந்தார்கள்; அமைதிக் காலத்தில் அதற்கு முன்னும் பின்னும் இப்படியொரு தொகை இல்லை.

அமெரிக்காவிலிருந்து வந்தது இன்னொரு தள்ளல். இந்தியானா மாநில போலீஸில் கேப்டனாக இருந்த ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் 1954-ல் மூச்சை அளக்கும் ஒரு பெட்டியை உருவாக்கியிருந்தார். 'பிரெத்தலைசர்' என்ற சொல்லே அவர் பெட்டியின் பெயர்தான். பிறகு மிச்சிகனில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் விபத்தில் சிக்கிய சுமார் 6,000 ஓட்டுநர்களின் மூச்சை அளந்தார். அதோடு நிறுத்தாமல், விபத்து நடந்த அதே மாதிரி இடங்களில், அதே மாதிரி நேரங்களில், விபத்தில்லாமல் போய்க்கொண்டிருந்த 7,500-க்கும் மேற்பட்டவர்களையும் ஊதச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது குடியின் அளவு கூடக் கூட விபத்தின் வாய்ப்பு எப்படி ஏறுகிறது என்று ஒரு கோடு கிடைத்தது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமைத் தாண்டியதும் அந்தக் கோடு மலைச்சரிவுபோல் எழும்பியது. 1964-ல் வெளிவந்த இந்த ஆய்வு, அரசுக்கு அதுவரை கிடைக்காத ஒன்றைக் கொடுத்தது: ஓர் எண்.

எண் கிடைத்துவிட்டது. அதைத் தலையில் சுமந்து ஊர் முழுக்க வசை வாங்க ஓர் ஆள் வேண்டுமே?

டிசம்பர் 23

1965 டிசம்பர் 23-ம் தேதி பிரதமர் ஹெரால்டு வில்சன் போக்குவரத்துத் துறையை பார்பரா காசிலிடம் கொடுத்தார். வயது 55. செம்பட்டைக் கூந்தல், கூர்மையான நாக்கு. 1945 முதல் பிளாக்பர்ன் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர், கட்சியின் இடதுசாரி அணியில் முன்வரிசைக்காரர். போக்குவரத்துத் துறைக்கு அதுவரை பெண் அமைச்சர் வந்ததில்லை. இவர் பெண் என்பதோடு இன்னொரு 'தகுதி'யும் இருந்தது. கார் ஓட்டத் தெரியாது.

அவர் பதவியேற்பதற்கு முதல் நாள்தான் மணிக்கு 70 மைல் என்ற வேக வரம்பு சோதனை முறையில் அமலுக்கு வந்திருந்தது. அதைப் பின்னால் நிரந்தரமாக்கியவரும் அவரே. 'வேகத்துக்கும் தடை, பீருக்கும் தடை, அதுவும் ஓட்டவே தெரியாத ஒரு பொம்பளை' என்ற எரிச்சல் அங்கிருந்தே தொடங்கியது.

குடி சம்பந்தப்பட்ட திட்டம் அந்த டிசம்பரின் வெள்ளை அறிக்கையிலேயே இருந்தது. 1966 ஜனவரியில் மசோதாவாக வந்தது. அதில் இரண்டு கூர் இருந்தன. முதலாவது, 80 மில்லிகிராம் என்ற வரம்பு. தள்ளாடினாரா, உளறினாரா என்ற பேச்சே இல்லை. 80-ஐத் தாண்டினால் குற்றம். இரண்டாவது, சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் எந்த வண்டியை வேண்டுமானாலும் நிறுத்தி, எந்தக் காரணமும் சொல்லாமல், ஓட்டுநரை ஊதச் சொல்லலாம்.

முதல் கூரை முணுமுணுப்போடு ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதுதான் குத்தியது. மோட்டார் ஓட்டிகளின் சங்கங்கள், வக்கீல்கள், எதிர்க்கட்சி உறுப்பினர்கள், ஆளுங்கட்சியிலேயே சிலர் என்று எதிர்ப்பு பல திசையிலிருந்து வந்தது. ஒரு தவறும் செய்யாமல் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும் குடிமகனை நிறுத்தி 'ஊது' என்று சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார்கள். போலீஸுக்கும் மக்களுக்கும் உள்ள உறவே கெட்டுவிடும் என்றார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு: எங்கள் ஊர் கான்ஸ்டபிள் துப்பாக்கி தூக்காதவர், எங்கள் தெருவின் ஆள். அவரை இப்படிச் சாலையோரம் நிறுத்திச் சந்தேகத்தின் கருவியாக்கலாமா என்ற கேள்வியில் வெறும் குடிகாரர்களின் சுயநலத்தைத் தாண்டிய ஒன்றும் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மார்ச் 31-ல் பொதுத்தேர்தல். நாடாளுமன்றம் கலைந்ததால் மசோதாவும் செத்தது. தொழிற்கட்சி முன்னைவிடப் பெரிய பலத்தோடு திரும்பி வந்தது. காசிலும் அதே நாற்காலிக்குத் திரும்பினார். மசோதா மறுபடி வந்தபோது 80 அப்படியே இருந்தது. எந்த வண்டியையும் நிறுத்தி ஊதச் சொல்லும் அதிகாரம் காணாமல் போயிருந்தது. இனிமேல் மூன்று சந்தர்ப்பங்களில் மட்டுமே ஊதச் சொல்லலாம்: குடித்திருக்கிறார் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால், வண்டி ஓடும்போது போக்குவரத்து விதியை மீறினால், விபத்து நடந்தால்.

அரசியலில் இதற்குச் சமரசம் என்று பெயர். இந்த ஒரு நீக்கத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவு இதில்தான் இருக்கிறது.

1967 மே 10-ல் அரசியின் ஒப்புதல் கிடைத்தது. சாலைப் பாதுகாப்புச் சட்டம், 1967.

மஞ்சளும் பச்சையும்

அமலுக்கு வந்த நாள் 1967 அக்டோபர் 9. காசிலுக்கு 57 வயது நிரம்பி மூன்று நாள்.

கருவி எளியது. ஜெர்மனியின் லூபெக் நகரத்து ட்ரேகர் நிறுவனத்தின் தயாரிப்பு. சிகரெட் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், அதன் மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் பை. குழாய்க்குள் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் ஊறிய மஞ்சள் மணிகள். மூச்சில் ஆல்கஹால் இருந்தால் மஞ்சள் பச்சையாகும். குழாயின் நடுவில் ஒரு கோடு. பை நிறைய ஊதிய பிறகு பச்சை அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால், 'வாங்க ஸ்டேஷனுக்கு'. அங்கே இன்னொரு தடவை ஊத வேண்டும். அதிலும் பச்சை என்றால் மருத்துவர் ரத்தம் எடுப்பார், இல்லாவிட்டால் சிறுநீர் கொடுக்க வேண்டும். சாலையில் ஊதியது சந்தேகத்துக்கு மட்டும். தீர்ப்புக்கு ஆதாரம் ஆய்வகம் சொல்லும் எண். மருத்துவரின் மூக்குக்கும் லீத் போலீஸுக்கும் ஓய்வு கிடைத்தது.

தண்டனை 100 பவுண்டு வரை அபராதம், அல்லது நான்கு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் ஜனங்கள் பயந்தது இவற்றுக்கு இல்லை. குறைந்தது ஓராண்டுக்கு லைசென்ஸ் பறிமுதல். 'பிழைப்பே வண்டியில்தான்' என்று அழுதாலும் நீதிபதி இரங்க இடமில்லாதபடி அதைக் கட்டாயமாக்கியிருந்தது சட்டம்.

பப்பில் என்ன பேசினார்கள்?

நம் வாசகர்களுக்கு 'பப்' என்றால் மதுக்கடை என்றுதான் படும். இங்கிலாந்துக் கிராமத்தில் அது நம்மூர் டீக்கடை, திண்ணை, மன்றம் மூன்றும் சேர்ந்த இடம். பக்கத்து ஊர் அணியோடு சிறு அம்பு எறியும் 'டார்ட்ஸ்' போட்டி அங்கேதான். பஞ்சாயத்து அங்கேதான். பெண் பார்க்கப் போகிற பேச்சும் அங்கேதான். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளிலேயே பீர் கம்பெனிகள் நெடுஞ்சாலையோரங்களில், பெரிய கார் நிறுத்துமிடத்தோடு, பப்களைக் கட்டத் தொடங்கிவிட்டன. காரில் வா, குடி, காரில் போ என்பதுதான் அந்தக் கட்டடங்களின் வரைபடமே. கடைசி பஸ் போன பிறகு கிராமத்துக்கு வேறு வண்டி கிடையாது.

அப்படிப்பட்ட நாட்டில் 80 என்ற எண் வந்து விழுந்தது. எத்தனை பைண்ட் குடித்தால் 80 வரும்? இதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. இதற்கு நேரான பதில் கிடையாது. ஆளின் எடை, வயிற்றில் உள்ள சாப்பாடு, எவ்வளவு நேரத்தில் குடித்தார் என்பதைப் பொறுத்து மாறும். பதில் தெரியாததே பயத்தைக் கூட்டியது.

பப் நடத்துபவர்கள் வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பினார்கள். நகரத்தில் இருப்பவன் நடந்து போவான், பணக்காரன் ஓட்டுநர் வைத்திருப்பான், கிராமத்து உழைப்பாளிக்குத்தான் இந்தச் சட்டம் என்று வர்க்கக் கணக்குப் போட்டார்கள். தொழிற்கட்சி அமைச்சரைக் குத்த இதைவிடக் கூரான ஊசி கிடையாது. பிபிசி வானொலிப் பேட்டி ஒன்றில், நீங்கள் ஒரு பெண், கார் ஓட்டுவதும் இல்லை, இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்ற பொருளில் காசிலை நேருக்கு நேர் கேட்டார்கள். கேட்டவர் கூச்சப்படவும் இல்லை. வசைக் கடிதங்கள் மூட்டையாக வந்தன. கொலை மிரட்டல்களும் வந்தன. ஒரு கண்ணாடிக் குழாய்க்காக ஓர் அமைச்சரைக் கொல்வேன் என்று ஆட்கள் எழுதினார்கள்.

இந்தக் கோபத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுவது ஆபத்து என்பதை இவர்களில் யாரும் மறுக்கவில்லை. 'குடிகாரர்களைப் பிடியுங்கள், தூக்கில்கூடப் போடுங்கள்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் மனத்தில் குடிகாரன் என்பவன் வேறு ஒருவன். தெருவில் விழுந்து கிடப்பவன். தான் குடிப்பவன்; குடிகாரன் இல்லை. அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே நூறு ஆண்டுகளாக நின்ற சுவரை 80 என்ற எண் இடித்துவிட்டது. தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காரும் மனிதரும், வங்கி மேலாளரும், ஏன், ஜூரரும்கூட, பை நிறைய ஊதிப் பச்சை காட்டினால் குற்றவாளி. 'ஸ்டெடியா இருக்கேன்' என்பதற்கு இனி மதிப்பில்லை. ஆத்திரம் முழுக்க அங்கிருந்துதான் வந்தது.

எண்கள் பேசின

அமைச்சகம் முதல் 12 மாதத்துக் கணக்கைப் போட்டது. முந்தைய ஆண்டைவிட 1,152 சாவுகள் குறைவு. பலத்த காயம் பட்டவர்களில் 11,177 பேரும், லேசான காயம் பட்டவர்களில் 28,130 பேரும் குறைவு. 1966-ல் 7,985 ஆக இருந்த சாலைச் சாவு 1968-ல் 6,810.

சட்டம்தான் இதைச் செய்ததா? வானிலை, சாலை, தற்செயல் என்று ஆயிரம் காரணம் சொல்லலாமே? இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர் லாரன்ஸ் ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். அவர் பிடித்த நூல் மிக எளியது. இங்கிலாந்தில் பப்கள் திறந்திருக்கும் நேரத்தைச் சட்டமே கட்டிவைத்திருந்தது. காலையில் வேலைக்குப் போகும்போதும் மாலையில் வேலை விட்டு வரும்போதும் பப் பூட்டிக் கிடக்கும். ஆகவே விபத்துகளை மணிவாரியாகப் பிரித்தார். வேலைக்குப் போய்வரும் நேரத்தில் சாவும் காயமும் முன்போலவே இருந்தன. வெள்ளி, சனி இரவுகளில், பப் மூடி ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில், சாவும் பலத்த காயமும் சடாரென்று மூன்றில் ஒரு பங்காக விழுந்திருந்தன. 66 சதவீத வீழ்ச்சி. இதற்கு வானிலை காரணமாக இருக்க முடியாது. மழை சனிக்கிழமை இரவு மட்டும் பெய்வதில்லை.

குடி குறைந்ததா என்றால், இல்லை. பிரிட்டனில் மது விற்பனை அந்த ஆண்டுகளில் ஏறிக்கொண்டுதான் போனது. குடித்தவர்கள் வண்டியை எடுக்கவில்லை, அவ்வளவுதான். நடந்து போனார்கள். பக்கத்துத் தெருப் பப்புக்கு மாறினார்கள். மனைவியை ஓட்டச் சொன்னார்கள். வசை பாடிக்கொண்டே கீழ்ப்படிந்தார்கள் என்பதுதான் 1967-ன் விசித்திரம்.

காசில் இதை அனுபவிக்க அதிக நாள் அங்கே இல்லை. 1968 ஏப்ரலில் வேலைவாய்ப்புத் துறைக்கு மாற்றப்பட்டார். இரண்டு ஆண்டு கழித்து ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். 2002-ல் இறக்கும்வரை அவரை 'பிரெத்தலைசர் அம்மா'வாகத்தான் பலர் நினைவில் வைத்திருந்தார்கள்.

வக்கீல்களின் வசந்தம்

எதிர்ப்பு தெருவிலிருந்து நீதிமன்றத்துக்கு மாறியது. சட்டத்தை நேராக உடைக்க முடியாதவர்கள் அதன் வாசகங்களுக்குள் நுழைந்தார்கள்.

ஊதுகருவி உள்துறை அமைச்சரின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அங்கீகாரம் உண்டு என்பதைக் கோர்ட்டில் நிரூபித்தீர்களா என்று ஒருவர் கேட்டார்; 1968-69-ல் அவர் பக்கம் தீர்ப்பானது. சீருடையில் இருக்கும் போலீஸ்காரர்தான் ஊதச் சொல்ல முடியும் என்கிறது சட்டம். அன்று அவர் தலையில் தொப்பி இல்லையே, அது சீருடையாகுமா என்று 1970-ல் ஒரு வழக்கு நடந்தது. ஆகும் என்றது நீதிமன்றம். குழாயோடு வந்த செய்முறைத் தாளில், கடைசியாகக் குடித்து 20 நிமிடம் கழித்தே ஊத வேண்டும் என்று எழுதியிருந்தது. போலீஸ்காரர் அதைக் கடைப்பிடித்தாரா என்ற வாதம் நாட்டின் உச்ச நீதிமன்றமாக அன்று இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. ஒரு தயாரிப்பாளரின் துண்டுச் சீட்டை நாட்டின் மூத்த நீதிபதிகள் வரிவரியாக வாசித்தார்கள்.

எல்லாவற்றிலும் கில்லாடித்தனமானது 'இடுப்புப் புட்டி' வாதம். விபத்து நடந்ததும் ஓட்டுநர் பையிலிருந்து பிராந்தியை எடுத்து மடமடவென்று குடித்துவிடுவார். 'அதிர்ச்சி தெளியக் குடித்தேன் ஐயா. ஓட்டும்போது குடிக்கவில்லை.' இனி ரத்தத்தில் உள்ளதில் முன்னது எவ்வளவு, பின்னது எவ்வளவு? 1971-ல் இது பிரபுக்கள் சபை வரை போய் ஜெயித்தே விட்டது.

செய்தித்தாளில் இவற்றைப் படித்த ஜனங்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய பாடத்தைத் தங்கள் அனுபவத்திலேயே கற்றார்கள். 1967-ல் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கண்ணாடிக் குழாய் காத்திருப்பதாக நினைத்திருந்தார்கள். ஓராண்டு, இரண்டாண்டு ஓட்டிப் பார்த்தார்கள். யாரும் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவார்கள்? சந்தேகம் வேண்டும், அல்லது விதிமீறல், அல்லது விபத்து. குடித்துவிட்டு ஒழுங்காக, மெதுவாக, இடப்பக்கமாக ஓட்டிக்கொண்டு போகிறவரைப் போலீஸ் தொடவே முடியாது. 1966-ல் விட்டுக்கொடுத்த அந்தப் பிரிவு இங்கேதான் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

வார இறுதி இரவுகளின் சாவு மெல்ல மெல்லப் பழைய உயரத்துக்கு ஏறத் தொடங்கியது. சாலையில் இறந்த ஓட்டுநர்களின் ரத்தத்தைப் பரிசோதித்ததில், சட்டத்துக்கு முன் வரம்பைத் தாண்டியிருந்தவர்கள் சுமார் கால் பங்கு. சட்டம் வந்ததும் அது 15 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. 1970-களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டது. முன்பிருந்ததைவிட மோசம்.

ராஸ் இதைப் பற்றிச் சொன்னதன் சாரம் இது: தண்டனையின் கடுமையைவிட, மாட்டிக்கொள்வோம் என்ற நம்பிக்கைதான் ஜனங்களைத் தடுத்தது. நம்பிக்கை பொய் என்று தெரிந்ததும் சட்டப் புத்தகம் வெறும் புத்தகமாகிவிட்டது. செஷயர் வட்டாரத்தில் 1975-ல் இதற்கு ஒரு பரீட்சையே நடந்தது. விதி மீறினாலும் விபத்தில் சிக்கினாலும் யாரையும் விடாமல் ஊதச் சொல்லுங்கள் என்று காவல்துறைத் தலைவர் தம் ஆட்களுக்கு உத்தரவிட்டார். சட்டம் கொடுத்த அதிகாரத்தை முழுக்கப் பயன்படுத்தினார், அவ்வளவே. பத்திரிகைகள் கூச்சல் போட்டன. விபத்துகள் குறைந்தன. உத்தரவு முடிந்ததும் மறுபடி ஏறின.

தங்கியது எது?

குடித்து ஓட்டுவது பற்றிய சட்டத்தை ஆராய 1974-ல் அமைந்த பிளெனர்ஹாசெட் குழு 1976-ல் அறிக்கை தந்தது. ஓட்டைகளை அடைக்கச் சொன்னது. 1981-ம் ஆண்டுச் சட்டம் வந்து, 1983 மே முதல் காவல் நிலையத்து மூச்சு இயந்திரத்தின் எண்ணே தீர்ப்புக்குப் போதுமான ஆதாரமானது. இடுப்புப் புட்டிக்காரர் பின்னால் குடித்ததை அவரே நிரூபிக்க வேண்டும் என்றானது. குழாயும் பையும் காட்சிசாலைக்குப் போயின.

1979-ல் பிரிட்டனில் குடித்து ஓட்டியதால் இறந்தவர்கள் 1,640 பேர். அண்மை ஆண்டுகளில் அது 300-ஐ ஒட்டி வந்திருக்கிறது. இதில் சட்டத்தின் பங்கு ஒரு பகுதி; பப்பில் உட்கார்ந்திருக்கும் சக ஆட்கள் இன்று பார்க்கும் பார்வையின் பங்கு இன்னொரு பகுதி. 'நான் ஸ்டெடி' என்று சாவியை எடுப்பவரை 1967-ல் கைதட்டி அனுப்பினார்கள். அவர் பேரன் சாவியை எடுத்தால் நண்பர்களே பிடுங்கி வைக்கிறார்கள். அந்த வெட்கத்தை எந்தச் சட்டப் பிரிவும் எழுதிவைக்கவில்லை. ஆனால் வெட்கப்படுவதற்கு ஓர் எல்லைக்கோடு வேண்டியிருந்தது. அதை வரைந்து, அதற்கான வசையை வாங்கிக்கொண்டவர் கார் ஓட்டத் தெரியாத அந்த அம்மையார்.

அந்தக் கோடு இன்று பல இடங்களில் கீழே இறங்கிவிட்டது. ஸ்வீடனில் 20. நம் நாட்டில் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 30. ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் 50-க்கு வந்தது. இங்கிலாந்தோ காசில் வரைந்த 80-லேயே நிற்கிறது.

எந்த வண்டியையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்ற யோசனை என்ன ஆனது? அது கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போனது. 1976-ல் விக்டோரியா மாநிலம் எடுத்துக்கொண்டது. 1982 டிசம்பர் 17-ல், கிறிஸ்துமஸ் குடிக்குச் சுமார் ஒரு வாரம் முன்னால், நியூ சவுத் வேல்ஸ் அதைத் தெருவுக்குத் தெரு இறக்கியது. அங்கே என்ன நடந்தது என்பது அடுத்த இதழில்.

இங்கிலாந்திலோ, போலீஸ் எந்த வண்டியை வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனால் ஊதச் சொல்ல இன்றும் அதே மூன்று காரணங்களில் ஒன்று வேண்டும். 1966-ல் மசோதாவிலிருந்து எடுத்த அந்தப் பிரிவு இதுவரை திரும்பி வரவில்லை.

(தொடரும்)